தையல் பக்கம் – கேள்வி பதில்: மிஷினும் அளவு நோட்டும் விட்டுப்போனவர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் படித்தால் எல்லாமே ஒரே வீட்டிலிருந்து வந்தவை போலத் தோன்றுகிறது. கிராமத்தில் ஐம்பது அறுபது வருஷம் ஊருக்கே தைத்தவர், எண்பது தாண்டிக் காலமாகியிருக்கிறார். மிஷின் திண்ணையில் நிற்கிறது, பிள்ளைகளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் கட்டிங் சந்தேகங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள். கருமாதிக்கு வீடு கழுவுகிற வேகத்தில் மிஷின் டிராயரை அப்படியே குப்பையில் கவிழ்த்துவிடாதீர்கள். பாபின் (அடிநூல் சுற்றும் சின்ன உருளை), பட்டன், துண்டுச்சீட்டு, ரசீது, நுனி உடைந்த ஊசி எல்லாம் ஒரு டப்பாவில் ஒரு மாதம் இருக்கட்டும்.

அம்மாவுக்கு முப்பதாம் நாள் நினைவு மலர் அச்சிடுகிறோம். அண்ணன் எழுதித் தந்ததில் “கணவரையே தெய்வமாக எண்ணி வாழ்ந்த உத்தமி” என்பதைத் தவிர வேறு விஷயமே இல்லை. தையல் பற்றி என்ன எழுதுவது? பிறந்த தேதியும் சரியாகத் தெரியவில்லை. “சித்திரபானு வருஷம் மாசி” என்பார். ஆதாரில் 1945 என்று இருக்கிறது. – வாசகி, செய்யாறு

முதலில் தேதி. சித்திரபானு ஆண்டு 1942 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1943 ஏப்ரல் நடுவில் முடிந்தது. மாசி மாதம் அந்த ஆண்டின் கடைசியில் வருவதால் அம்மா பிறந்தது 1943 பிப்ரவரி நடுவுக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில். தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக மாற்றுகிறவர்கள் வழக்கமாகத் தப்பு செய்வது இந்த இடத்தில்தான். தையும் மாசியும் பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதை மறந்து 1942 என்று போட்டுவிடுவார்கள். ஆவணத்தில் இருக்கும் ஆண்டை விட அம்மா வாயால் சொன்ன வருஷப் பெயரை நம்புங்கள். கிராமத்தில் அந்தத் தலைமுறைக்கு வயதைக் கண்ணால் பார்த்துப் போட்டவர்கள் அதிகம்.

அண்ணன் எழுதிய வரி பொய் இல்லைதான். ஆனால் அதே வரி எந்தப் பெயருக்கும் பொருந்தும், எந்த ஊர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் ஒட்டலாம். உங்கள் அம்மாவுக்கு மட்டும் பொருந்துவதை எழுதுங்கள். யாரிடம் தையல் கற்றார், முதல் மிஷின் சொந்தமா வாடகையா, எந்த ஆண்டு வாங்கியது, ரொக்கமா தவணையா? பாவாடைக்கு என்ன கூலி, ஜாக்கெட்டுக்கு என்ன கூலி? தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பே “இனிமே துணி வாங்க மாட்டேன்” என்று சொல்லிவிடுவார்? காஜா (பட்டன் துளை) எடுக்க, ஊக்கு வைக்க யார் உதவினார்கள்? பல வீடுகளில் அந்த வேலையைச் செய்தது புருஷன்தான். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் இருவரையும் சேர்த்துச் சொல்ல அதைவிட நல்ல செய்தி கிடைக்காது.

இதையெல்லாம் பிள்ளைகளைக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். அவரிடம் துணி கொடுத்த நாலு பெண்களைக் கேளுங்கள். “எப்படித் தைப்பார்?” என்று கேட்டால் “நல்லா தைப்பாங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “கழுத்து எப்படி வைப்பார், கை இறுக்கமா வைப்பாரா, மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுப்பாரா?” என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள்.

ஒன்று கூடுதலாக. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. அந்தப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் இறந்தவரின் தொழில் என்று ஒரு இடம் உண்டு. அங்கே யாரும் யோசிக்காமல் “இல்லை” என்று எழுதுவார்கள். “தையல் தொழில்” என்று எழுதச் சொல்லுங்கள். தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தாரா என்று அட்டையைத் தேடிப் பாருங்கள். உறுப்பினர் இறந்தால் வாரிசுக்கு உதவித்தொகை உண்டு. மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பாட்டியின் அளவு நோட்டு இரண்டு கிடைத்தது. தேதியே போடவில்லை. “உ 14, மா 36, இ 31, தோ 14, கை 7–11, மு 6, பி 8” என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? லேமினேட் செய்யலாமா? – வாசகர், துறையூர்

லேமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் பழைய மை பரவும், ஒருமுறை போட்டால் பிரிக்கவும் முடியாது. செலோ டேப்பும் கூடாது. அஞ்சாறு வருஷத்தில் பசை பழுத்து அந்த இடமே எழுத்தை மறைக்கும். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், பக்கத்துக்கு ஒரு போட்டோ எடுங்கள். மை இல்லாத வெள்ளைத் தாளில் சுற்றி, பக்கத்தில் ஒரு துணி முடிப்பில் வசம்பு வைத்து அட்டைப்பெட்டியில் வையுங்கள்.

உ என்பது உயரம், மா மார்பு, இ இடுப்பு, தோ தோள். கை 7–11 என்றால் கை நீளம் 7 அங்குலம், கைச்சுற்று 11. மு, பி என்பவை முன்கழுத்து, பின்கழுத்து இறக்கம். குறியீடு ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். சந்தேகம் வந்தால் அதே ஆளின் பழைய ஜாக்கெட் ஒன்றைத் தேடிப்பிடித்து டேப் வைத்துப் பாருங்கள். டேப்பைச் சுற்றிப் போடும் அளவு, முதுகு நடுவில் மடித்துப் போட்ட ஜாக்கெட்டில் நாலில் ஒரு பங்காகத்தான் தெரியும். மார்பு 36 என்றால் ஒரு பாகத்துக்கு 9 அங்குலம், அதற்கு மேல் லூசும் தையல் விளிம்பும்.

காலம் கண்டுபிடிக்கக் கூலிக் கணக்கைப் பாருங்கள். 0-6-0 என்று மூன்று கட்டமாக எழுதியிருந்தால் அது ரூபாய்-அணா-பை கணக்கு. 1957 ஏப்ரல் 1-ல் தசம நாணயம் வருவதற்கு முந்தைய பழக்கம். “ந.பை.” என்று இருந்தால் நயா பைசா, அதாவது 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1964-ல் “நயா” என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். “நாலணா”, “எட்டணா” என்று எழுத்தில் இருந்தால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். 25 காசையும் 50 காசையும் ஜனங்கள் அதன் பிறகும் பல பத்து வருஷம் அப்படித்தான் சொன்னார்கள். துணி கெஜத்தில் இருக்கிறதா மீட்டரிலா என்பதும் ஒரு தடயம். ஒரு கெஜம் 36 அங்குலம், 91.44 சென்டிமீட்டர். முக்கால் கெஜத்தில் ஜாக்கெட் வெட்டியிருந்தால் துணியை நன்றாக அடக்கத் தெரிந்த கை என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நோட்டில் இருப்பவை ஊர்ப் பெண்களின் உடல் அளவுகள், பலர் இன்னும் இருக்கிறார்கள். பாட்டியின் கையெழுத்தைக் காட்டுகிற ஆசையில் பெயரோடு சேர்த்து முகநூலில் போட்டுவிடாதீர்கள். அவர் உயிரோடு இருந்தால் சம்மதித்திருக்க மாட்டார்.

பத்து வருஷமாக மூடி வைத்திருந்த அம்மாவின் கால் மிஷின். சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டும் பலனில்லை. – வாசகி, முத்துப்பேட்டை

தேங்காய் எண்ணெய்தான் இப்போது முதல் எதிரி. மார்கழிக் குளிரில் அது உறையும், வெயிலில் காய்ந்து பிசினாகும். விளக்கெண்ணெயும் பிசினாகும். மிஷின் பெரும்பாலும் கெட்டிருக்காது. பழைய எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து கோந்து போலப் பிடித்திருக்கும். சக்கரத்தைப் பலமாகத் திருப்பாதீர்கள். உள்ளே ஷட்டிலில் (பாபின் உட்காரும் பாகம்) பழைய நூல் சிக்கியிருந்தால் ஏதாவது வளையும்.

பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றுங்கள். ஊசி, பிரஷர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்), பாபின் கேஸ் மூன்றையும் எடுங்கள். ஊசித் தட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினால் துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் தக்கை போல இறுகிய பஞ்சு இருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷும் குண்டூசியும் போதும். பிறகு மேலே, பக்கவாட்டில், தலையைச் சாய்த்தால் அடியில், எங்கெல்லாம் எண்ணெய்த் துளை இருக்கிறதோ, எங்கெல்லாம் இரும்பும் இரும்பும் உரசுகிறதோ, அங்கெல்லாம் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் கால் அங்குலம் ஆட்டிப் பாருங்கள். அசையவில்லையா, மறுபடி விட்டு இன்னொரு ராத்திரி. மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலும் விடும். மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் மிஷின் எண்ணெயே போதும், நாள்தான் கூடும்.

சுற்ற ஆரம்பித்ததும் வேலை முடிந்ததென்று விட்டுவிடக் கூடாது. மண்ணெண்ணெய் பழைய பிசினோடு எண்ணெயையும் கழுவிவிடும். உடனே ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டு, நூல் போடாமல் ஐந்து நிமிஷம் ஓட்டி, பிறகு பழந்துணியில் தைத்து அழுக்கெண்ணெயைத் துடைத்தெடுங்கள். தங்கப் பூ வேலை உள்ள கருப்புப் பரப்பில் மண்ணெண்ணெய், ஸ்பிரிட், சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் படக்கூடாது. ஸ்பிரிட் பட்டால் மேல் பூச்சு கரைந்து பூ அப்படியே துணியோடு வந்துவிடும். மிஷின் எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றித் துடைத்தாலே பளபளக்கும்.

தோல் பெல்ட் நழுவினால் அதற்கு எண்ணெய் போடாதீர்கள். கம்பிக் கிளிப்பைக் கழற்றி அரை அங்குலம் வெட்டி மறுபடி சேருங்கள். வெடித்திருந்தால் புதிது வாங்குங்கள். ஊசியைப் பொருத்தும்போது குழப்பம் வரும். ஊசிக்கு மேலே உள்ள கடைசி நூல் வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமிருந்துதான் நூல் கோர்க்க வேண்டும். ஊசியின் நீளக் குழி அந்தப் பக்கமும், தட்டையான முதுகு எதிர்ப்பக்கமும் இருக்கட்டும். பருத்தி ஜாக்கெட்டுக்கு 14 நம்பர், கனத்த துணிக்கு 16. சக்கரத்தின் மேல்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும். பின்னோக்கி மிதித்தால் முதல் தையலிலேயே நூல் கூடு கட்டும். துணிக்கு அடியில் நூல் வளைய வளையமாக நின்றால் எல்லோரும் பாபினைத் திட்டுவார்கள். தப்பு மேல்நூலில் இருக்கும். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் உட்காரவில்லை, அல்லது மேலும் கீழும் போகும் நெம்புகோலின் துளையில் கோர்க்க மறந்திருப்பீர்கள்.

பாட்டியின் சிங்கர் மிஷின் எந்த வருஷத்தது? – வாசகர், மணப்பாறை

தலையின் வலது ஓரத்தில், தூணுக்குக் கீழே, ஒரு எண் அச்சாகியிருக்கும். எழுத்தே இல்லாமல் எண் மட்டும் என்றால் 1900-க்கு முந்தையது. எஃப், ஒய் என்ற ஒற்றை எழுத்தோ, ஈ-யில் தொடங்கும் இரட்டை எழுத்தோ இருந்தால் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரின் கில்போவி ஆலையில் செய்தது. மாடல் பெயரில் “15 கே” என்று வரும் கே அந்தக் கில்போவியைக் குறிப்பதுதான். அந்த ஆலை 1980-ல் மூடியது. எண்ணை வைத்துத் தெரிவது ஆலையில் அந்த எண் ஒதுக்கப்பட்ட காலம். பாட்டி அதைப் பத்திருபது வருஷம் கழித்து இரண்டாம் கையாகவும் வாங்கியிருக்கலாம். ஆகவே நினைவு மலரில் எண் காட்டும் காலத்தை “1930-களின் மிஷின்” என்பது போலவும், வாங்கிய ஆண்டைத் தனியாகவும் போடுங்கள். உஷா மிஷினாக இருந்தால் கல்கத்தா ஜெய் இன்ஜினியரிங் கம்பெனி செய்தது. லூதியானா மிஷின்களில் பெரும்பாலானவை சிங்கர் 15 அமைப்பைப் பின்பற்றியவை. அதனால் பாபின், பாபின் கேஸ், ஊசி எல்லாம் இன்றும் சுலபமாகக் கிடைக்கும்.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த ஏழு வருஷமும் அம்மா அவருக்குப் பின்னால் திறக்கும் சட்டை தைத்துப் போட்டார். வந்தவர்கள் முன்னாலிருந்து பார்த்தால் சாதாரணச் சட்டைதான். இப்போது சித்தப்பாவுக்கு அதே போல வேண்டும். அம்மா இல்லை, சட்டைகளும் இல்லை. எப்படித் தைத்திருப்பார்? – வாசகி, சங்கரன்கோவில்

உங்கள் அம்மா செய்ததில் பெரிய யோசனை இருக்கிறது. படுத்திருப்பவருக்கு நைட்டி போல ஒன்றை மாட்டிவிடுவது சுலபம். அவர் அதைச் செய்யாமல், மனுஷன் சட்டை போட்டிருக்கிறார் என்று தெரிய வேண்டும் என நினைத்திருக்கிறார்.

நன்கு துவைத்து மெத்தென்றான பருத்தி அரைக்கைச் சட்டை ஒன்றை எடுங்கள், வழக்கமான அளவுக்கு ஒரு சைஸ் பெரிதாக. முன் பட்டன் பட்டியை மூடி, ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு தையல் போட்டு நிரந்தரமாக அடைத்துவிடுங்கள். பட்டன்கள் அழகுக்கு அப்படியே இருக்கட்டும். முதுகில் காலர் நடுவிலிருந்து கீழ் ஓரம் வரை நேராக வெட்டுங்கள். வெட்டிய இரண்டு ஓரத்திலும் 6 அங்குல அகலத்தில் அதே மாதிரித் துணியை இணைத்தால் ஒன்றின் மேல் ஒன்று நன்றாக ஏறிக்கொள்ளும். இப்படி ஏறாவிட்டால் புரட்டும்போது முதுகு வெளியே தெரியும்.

முக்கியமான சங்கதி முதுகில் எதுவும் உறுத்தக்கூடாது. இணைப்புத் தையலின் விளிம்பு உள்ளே தோலில் படாமல் வெளிப்பக்கம் இருக்கட்டும். அதை மடித்துத் தட்டையாக அமுக்கித் தையுங்கள். பட்டன், ஊக்கு, வெல்க்ரோ எதையும் முதுகுப் பக்கம் வைக்காதீர்கள், கழுத்திலும் இடுப்பிலும் நாடா வைத்துக் கட்டுங்கள். அசையாமல் படுத்திருப்பவருக்குச் சின்ன முடிச்சும் படுக்கைப் புண்ணுக்கு வழி. கழுத்து நாடாவின் முடிச்சு கழுத்தின் பக்கவாட்டில் வர வேண்டும், இடுப்பு நாடா விலாப் பக்கம் வர வேண்டும். அதற்காக மேலே ஏறும் பாகத்தின் நாடாவை 14 அங்குலமும், அடியில் இருக்கும் பாகத்தின் நாடாவை 6 அங்குலமும் விடுங்கள். பின்பாகத்தின் கீழ்ப்பகுதியை இடுப்போடு வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடியில் சுருண்டு ஈரமாகும். சட்டையின் கையைத் தோள் வரை அகலமாக வைக்க முடியாவிட்டால் கையின் அடித்தையலை 4 அங்குலம் பிரித்து ஒரு முக்கோணத் துண்டு சேருங்கள்.

போடும்போது செயலற்ற கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசி. மாற்றிச் செய்தால் தோள் மூட்டு இழுபடும். மூன்று சட்டை இருந்தால்தான் துவைத்து மாற்ற முடியும்.

அப்பாவின் சட்டைக் காலரை அம்மா “திருப்பிப் போட்டார்” என்கிறார்கள். அப்படியென்றால்? – வாசகி, அரியலூர்

காலர் மடிப்பில் கழுத்து உரசி இழை விட்டுப்போகும், மற்றபடி சட்டை நன்றாக இருக்கும். அப்போது காலரை மட்டும் பிரித்தெடுத்து, கிழிந்த பக்கம் அடியில் போகும்படி கவிழ்த்து மறுபடி தைப்பார்கள். ஒரு சட்டைக்கு ஒரே முறைதான் முடியும்.

காலர் பட்டிக்கும் (கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி) காலருக்கும் நடுவிலுள்ள தையலை மட்டும் பிரியுங்கள், பட்டியைச் சட்டையிலிருந்து பிரிக்க வேண்டாம். பிரிக்கும் முன் காலருக்கும் பட்டிக்கும் நடு மையத்தில் நூலால் அடையாளம் வையுங்கள். இதை விட்டால்தான் ஒரு முனை நீண்டும் ஒரு முனை குறைந்தும் வரும். நூலைப் பிடித்து இழுக்காமல் நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டி எடுத்தால் துணி நீளாது. கிழிசலுக்கு அடியில் ஒரு மெல்லிய துண்டு வைத்துக் குறுக்கும் நெடுக்கும் இழையோட்டி, காலரைக் கவிழ்த்து, பட்டியின் இரண்டு அடுக்குக்கு நடுவே சொருகி, பழைய ஊசித் துளைகளின் மேலேயே தையல் போடுங்கள்.

அப்பாவின் சட்டை மிச்சமிருந்தால் காலரைத் தூக்கி அடியில் பாருங்கள். இழை விட்ட கோடு அங்கே இருக்கும். வெளியில் யாருக்கும் தெரியாத வேலை அது. பட்டாபட்டி டிராயர் கிடைத்தால் அதையும் உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். இடுப்புப் பையின் மூலைகளில் இரட்டைத் தையல் போட்டிருப்பார். சில்லறைக் காசின் கனத்தில் முதலில் பிய்வது அந்த இடம்தான்.

அத்தை எனக்குத் தைத்த சின்ன வயதுப் பாவாடையின் அடியில் மூன்று மடிப்பு இருக்கிறது. அலங்காரமா? – வாசகி, திருச்செங்கோடு

அலங்காரம் பாதி. மீதி கணக்கு. ஒரு அங்குல மடிப்பு இரண்டு அங்குலத் துணியைப் பிடித்து வைத்திருக்கும். பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்தால் மூன்று மடிப்பில் ஆறு அங்குலம் இறங்கும். ஒன்று பிரிக்காமல் மிச்சமிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

மிஷின் ஸ்டாண்டை டைனிங் டேபிளாக மாற்றிக்கொள்ளலாமா? – வாசகர், சென்னை

மாற்றலாம். தலையைக் கழற்றி இரும்புக் கடையில் போட்டுவிட்டு ஸ்டாண்டை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் எங்களைக் கேட்காதீர்கள். ஓடுகிற மிஷினாக இருந்தால் தைக்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள்.

பாட்டி கடைசியாகத் தைத்த ஜாக்கெட் பாதியில் அப்படியே ஊசியில் நிற்கிறது. மூன்று மாதமாக யாரும் தொடவில்லை. எடுக்க மனசும் வரவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. – வாசகி, கோவில்பட்டி

ஊசி துணியில் இறங்கி நின்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். மழைக்காலத்தில் ஊசி துருப்பிடித்துத் துணியில் கறையாகும். முதலில் ஒரு போட்டோ எடுங்கள். பிரஷர் ஃபுட்டைத் தூக்குவதற்கு முன், தையல் நின்ற இடத்தில் வேறு நிற நூலால் ஒரு சின்ன அடையாளம் போடுங்கள். சக்கரத்தை உங்களை நோக்கிக் கையால் மெல்லத் திருப்பினால் ஊசி மேலே வரும். நெம்புகோல் உச்சிக்கு வந்ததும் ஃபுட்டைத் தூக்கி, துணியைப் பின்பக்கமாக இழுத்து, இரண்டு நூலையும் 4 அங்குலம் விட்டு வெட்டுங்கள். முன்பக்கமாக இழுத்தால் ஊசி வளையும். துருக்கறை இருந்தால் வெள்ளைப் பருத்திக்கு எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசலாம், நிறத் துணிக்கும் பட்டுக்கும் வேண்டாம்.

அந்த ஜாக்கெட் பாட்டியுடையது இல்லை, துணி கொடுத்தவருடையது. துணி முடிப்பில் சீட்டு இருக்கும், அல்லது நோட்டின் கடைசிப் பக்கத்தில் அளவு இருக்கும். கொடுத்தவரைக் கேளுங்கள். முடித்துத் தரச் சொன்னால், தையல் நின்ற இடத்துக்கு நாலைந்து தையல் பின்னாலிருந்து ஆரம்பித்து மேலேறித் தைத்தால் பிரியாது. ஊசி நம்பரும் தையல் நீளமும் மாற்றாதீர்கள், மிஷின் எந்த அளவில் நிற்கிறதோ அப்படியே இருக்கட்டும். பாட்டி முன்பணம் வாங்கியிருந்தால் நோட்டில் எழுதியிருப்பார். கூலியில் கழித்துக்கொள்ளுங்கள்.